வெள்ளிக்கிழமை ஜாயிண்டு

என் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. செப்புக் குழாய்களை ஒன்றோடு ஒன்று சேர்ப்பது வேலை. ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் உள்ளே வளைந்து வளைந்து போகுமே, அந்தக் குழாய்கள். தகரக் கூரை போட்ட ஷெட். கேஸ் நெருப்பைப் பீச்சுகிற டார்ச் வைத்த மேஜை நாலைந்து. ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பெரிய இடம் இல்லை.

நான் முதலில் பேக்கிங்கில் இருந்தேன். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுவேன். ஒட்டின பெட்டி வண்டியில் ஏறிப் போய்விடும். அதோடு சரி. சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் நான் செய்தது என்று அங்கே எதுவும் இருக்காது. வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கண் மட்டும் டார்ச் மேஜைப் பக்கமே போகும்.

டார்ச்சில் இருந்த ஒருவர் வேலையை விட்டு ஊருக்குப் போனார். இடம் காலியாகக் கிடந்தது. நான் போய்க் கேட்டேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் என்னைவிட வயதில் சின்னவர். தென்காசிப் பக்கம். டிப்ளமோ படித்துவிட்டு இங்கே வந்து ஆவடியில் வாடகைக்கு இருக்கிறார்.

"நெருப்புன்னா பயம் உண்டாக்கா?" என்றார்.

"இத்தினி வருசமா அடுப்பாண்டதான் சார் கீறேன்" என்றேன்.

சிரித்தார். மறுநாளே கண்ணாடியும் கையுறையும் கொடுத்துவிட்டார்.

வேலை இதுதான். ஒரு குழாயின் வாயைக் கொஞ்சம் அகட்டி வைத்திருப்பார்கள். இன்னொரு குழாயை அதற்குள் செருக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுடி போகிற சந்து இருக்கும். டார்ச்சால் குழாயைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்ச வேண்டும். செப்பு மங்கலாகச் சிவந்து வந்ததும் ராடு என்கிற ஒட்டுக் கம்பியின் நுனியைச் சந்தின் வாயில் தொட்டால் போதும். ராடு உருகி உள்ளே போய்விடும்.

"நெருப்பால ராடை உருக்காதீங்க. குழாய்தான் ராடை உருக்கணும்" என்று சார் சொல்லிக்கொடுத்தார்.

முதல் முறை அவர் செய்து காட்டினபோது நான் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. சந்தின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்து இருந்தது. ராடைக் கீழேயிருந்து தொட்டார். உருகினது சொட்டவில்லை. மேலே ஏறியது. சந்துக்குள் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் மெல்லிய மோதிரம் மாதிரி பளபளவென்று நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

உருகினது எல்லாம் கீழேதான் போகும் என்று நான் நினைத்திருந்தேன்.

"எப்டி சார் மேல போவுது?"

"காப்பர்னா அதுக்கு இஷ்டம்க்கா. உருகின ராடு தன்னைத் தானே பிடிச்சுக்கிடுததைவிட காப்பரை ஜாஸ்தியா பிடிக்கும். சந்து ஒடுக்கமா இருந்துச்சுன்னா சுத்தி எல்லாப் பக்கமும் பிடி கிடைக்கும். பிடிச்சுப் பிடிச்சு மேல ஏறிரும். சந்து அகலமாயிட்டா எடை தாங்காது, நின்னுரும்."

பக்கத்து மேஜையில் இருப்பவர் வெள்ளானூர்க்காரர். பழைய ஆள். அவரை நான் அண்ணாத்தே என்பேன். அவருக்கு யார் பேசினாலும் நடுவில் புகுந்துவிட வேண்டும்.

"சார் இன்னா சொல்றார்னா தங்கச்சி, பொறை ரொட்டிய டீயில வச்சா டீ மேல ஏறுது பாரு. அதான் இது."

"பொறை ஒடஞ்சி டீயில உழுந்துச்சின்னா?" என்றேன்.

"அதுக்குப் பேருதான் லீக்கு."

எங்கள் ஷெட்டில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. இஸ்துக்கிச்சு என்பார்கள். குழாய் ராடை உள்ளே இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். ஒரு ஜாயிண்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் "இஸ்துக்கிச்சா?" என்பார். "இஸ்துக்கிச்சு" என்று பதில் வரும். அவ்வளவுதான் பேச்சு. நானும் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரருக்கும் பழகிவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் "இன்னிக்கு இஸ்துக்கிச்சா?" என்பார்.

கை சீக்கிரம் வந்துவிட்டது. அந்த மோதிரம் உள்ளே ஓடுவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

செய்து முடித்த குழாய்கள் தொட்டிக்குப் போகும். அங்கே நிற்கிற பெண் ஒவ்வொன்றாக வாயை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீரில் முக்கிப் பார்ப்பாள். ஜாயிண்டில் ஓட்டை இருந்தால் குமிழி வரும். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு கலர் டேப். என்னுடையது மஞ்சள். யாருடைய குழாயில் குமிழி வந்தாலும் அந்தக் கலரைச் சொல்லி ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். அவளுக்குக் குரல் அப்படி.

ஒரு வெள்ளிக்கிழமை "மஞ்சா!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "மஞ்சா!" அப்புறமும் ஒன்று.

புதுக் கை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டார்கள். சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. திங்கள், செவ்வாய் எல்லாம் சுத்தம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் மஞ்சா.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"யக்கா, உனக்கு வெள்ளிக்கிழம ஆனா இன்னா ஆவுது?"

"சாமி வருது" என்றார் அண்ணாத்தே. "வெள்ளிக்கிழம ஆத்தா எறங்கிடுது. ஆத்தாவுக்கு காப்பர் ஆவாது போல."

"உனக்கு எந்த சாமியும் வர்லியே, ஏன்? பயந்துக்குதா?" என்றேன்.

"நம்ப ஒடம்புல எடம் ஏது தங்கச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனசு தொட்டியிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஷெட்டில் பூஜை உண்டு. முன்னே மேஜைக்கு மேஜை கற்பூரம் காட்டுவார்களாம். கேஸ் சிலிண்டர் இருக்கிற இடத்தில் கற்பூரம் ஆகாது என்று சார் வந்த பிறகு வாசலோடு நிறுத்திவிட்டார். அண்ணாத்தேக்கு அதில் வருத்தம். என் மேஜைதான் வாசலுக்குத் தூரம், அதனால்தான் கண் பட்டுவிட்டது என்று முடிவு செய்தார். அடுத்த வெள்ளி ஒரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கம்பியில் கோர்த்து வந்து என் தலைக்கு மேல் கட்டினார்.

அன்றைக்கும் மஞ்சா.

"பழம் புதுசு. ஒரு வாரம் டைம் குடு" என்றார்.

நான் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். ராடைக் கூட்டி வைத்தேன். அதிக நேரம் காய்ச்சினேன். ஜாயிண்டைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி கட்டி கட்டியாக நின்றது. வெளியே பார்த்தால் ரொம்பப் பலமாகத் தெரியும். சார் ஒன்றை எடுத்து ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தார். உள்ளே சந்து காலியாக இருந்தது. ராடு வாசலிலேயே நின்றுவிட்டது. சந்துக்குள் செப்பு மேல் கறுப்பாக ஒரு படலம்.

"எமரி தேய்ச்சீங்களா?"

"தேச்சேன் சார்."

"அப்புறம் தொடைச்சீங்களா?"

"நல்லா அழுத்தித் தொடச்சேன் சார்."

என் பக்கத்தில் நின்று நான் செய்வதை முழுசாகப் பார்த்தார். எமரி பேப்பரால் குழாயின் நுனியைப் பளிச்சென்று தேய்த்தேன். பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற வெட்டுத் துணியை மூட்டையாக வாங்கி வைத்திருப்பார்கள், அதைத்தான் பனியன் வேஸ்ட் என்போம். செருகினேன். காய்ச்சினேன். அவர் கண்ணுக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே கூப்பிட்டார்.

"எக்கா, மத்த நாள்ல உங்க ஜாயிண்டு நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்லல. வெள்ளிக்கிழமை மட்டும் என்னன்னு எனக்கும் புரியல. குழாயை மாத்திப் பாத்தாச்சு, கேஸையும் மாத்திப் பாத்தாச்சு. வர்ற வெள்ளியும் இப்படின்னா உங்களைப் பேக்கிங்குக்குத்தான் அனுப்பணும். மேல கேக்காங்க."

"சரி சார்."

"கோவமா?"

"இல்ல சார்."

கோபம் இல்லை. நியாயமாகத்தான் சொன்னார். பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் கொரட்டூர். அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்துக்குள் பேக்கிங் மேஜையை நினைத்துப் பார்த்தேன். டேப் கிழிகிற சத்தம் காதில் கேட்டது. அதுவும் வேலைதானே என்று சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

எங்கள் வீடு ஏரிப் பக்கம். ஏரி நிரம்பினால் பின்சுவரில் ஈரம் ஏறும். தரையில் தொடங்கி முழங்கால் உயரம் வரைக்கும் வந்து நிற்கும். அங்கே பெயிண்டு உப்பிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் சுரண்டிவிட்டுப் புதுப் பெயிண்டு அடிப்பார். ஈரமும் வருஷா வருஷம் வரும். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில்லை.

நான் போனபோது அவர் சுவரைச் சுரண்டிக்கொண்டு இருந்தார். நான் கை கால் கழுவிக்கொண்டு விளக்கேற்றப் போனேன். கையைச் சரியாகத் துடைக்கவில்லை. நினைப்பு வேறெங்கோ இருந்தது. ஈரக் கையோடு பஞ்சுத் திரியை எடுத்து முறுக்கினேன். எண்ணெயில் போட்டுக் கொளுத்தினேன். படபடவென்று வெடித்தது. அணைந்தது. மறுபடியும் கொளுத்தினேன். மறுபடியும் அணைந்தது. திரி எண்ணெயில்தான் கிடக்கிறது. ஆனால் நுனிக்கு எண்ணெய் வரவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமே, திரிகூட உங்கிட்ட இஸ்துக்கலயா?"

ஏற்கெனவே நொந்துபோய் இருந்தேன். புதுத் திரி எடுத்தேன். இந்தத் தரம் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டேன். உடனே பிடித்தது. சுடர் ஆடாமல் நின்றது.

பழைய திரியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தண்ணீரில் ஊறித் தொளதொள என்று இருந்தது. பஞ்சு அதே பஞ்சுதான். எண்ணெயும் அதேதான். தண்ணீர் முன்னாடியே போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணெய்க்கு உள்ளே பிடிக்க இடம் இல்லை. வாசலில் நின்றுவிட்டது.

என் குழாயிலும் வாசலில்தான் நின்றது.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். அப்படியென்றால் என் சந்துக்குள் முன்னாடியே யாரோ போய் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீராக இருக்காது. டார்ச் முன்னால் தண்ணீர் நிற்காது, ஆவியாகிவிடும். ஆவியாகாமல் கருகிப் படலமாக நிற்பது எது? அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும் வருவது?

அது என் தலையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துத்தான் குளிப்பேன். நல்லெண்ணெய். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பழக்கம். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் சீயக்காய் பாதி போட்டும் போடாமலும் ஓடுவேன். எண்ணெய் முழுசாகப் போகாது. டார்ச் முன்னால் உட்கார்ந்தால் வேர்க்கும். வேர்வையோடு எண்ணெயும் நெற்றியிலும் கழுத்திலும் வழியும். கையில் இருக்கிற துணியால் துடைத்துக்கொள்வேன்.

கையில் இருக்கிற துணி பனியன் வேஸ்ட். அதே துணியால்தான் குழாயையும் துடைத்தேன். சுத்தமாக வரட்டும் என்று அழுத்தி வேறு துடைத்தேன்.

வேலைக்குப் போட்டுக்கொள்கிற கோட்டு ஆணியில் தொங்கியது. பையில் கையை விட்டேன். அன்றைக்குத் துடைத்த துணி சுருண்டு கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசனை.

"இன்னாத்துக்கு பனியன் துணிய மோந்து பாத்துகினு கீற?" என்றார் வீட்டுக்காரர். "ஏதாவது ஆயிடுச்சா உனக்கு?"

"மாமா, எங்க ஜாயிண்டு எண்ணெ தேச்சிக் குளிச்சிகீது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரியைக் காட்டிச் சொன்னேன். சுவரைக் காட்டியும் சொன்னேன். செங்கலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சந்து சந்தாகத்தான் இருக்கும், அதில்தான் ஏரித் தண்ணீர் பிடித்துப் பிடித்து ஏறுகிறது, மேலே பெயிண்டு அடித்து என்ன பிரயோஜனம் என்றேன். சுரண்டுகிற கரண்டியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டு இருந்தார்.

"அப்போ செவுத்துக்கும் எண்ணெ தேச்சி உடு" என்றார்.

யோசித்தால் அது தப்பே இல்லை. ஆனால் அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை சீக்கிரம் போனேன். ஸ்க்ராப் பெட்டியில் இருந்து துண்டுக் குழாய்கள் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குத் தலையில் எண்ணெய் இல்லை. ஒரு ஜோடியை மூட்டையில் இருந்து எடுத்த புதுத் துணியால் துடைத்தேன். இன்னொரு ஜோடியை நேற்றைய துணியால் துடைத்தேன். அண்ணாத்தே டீ டம்ளரோடு வந்து நின்றார்.

"இன்னா தங்கச்சி, காலங்காத்தால சமையலா?"

"நின்னு பாரு."

புதுத் துணி போட்டதைக் காய்ச்சினேன். ராடைத் தொட்டேன். சறுக்கென்று உள்ளே ஓடி மறுபக்கம் மோதிரம் வந்தது. அடுத்ததைக் காய்ச்சினேன். கொஞ்சமாகப் புகை வந்தது. ராடைத் தொட்டேன். உருகினது ஒட்டவில்லை. எண்ணெய் தடவின தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடுமே, அந்த மாதிரி உருண்டது. குழாயைப் பிடிக்க மனசில்லாமல் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு உருண்டையாக நின்றது. அப்புறம் மேஜையில் விழுந்தது.

அண்ணாத்தே டீயைக் குடிக்க மறந்துவிட்டார்.

"சார்! சார்! இங்க வா சார், வெள்ளிக்கிழம சனிக்கிழமையே வந்துகீது!"

சார் வந்தார். மறுபடியும் செய்து காட்டினேன். துணியை வாங்கி மோந்து பார்த்தார். அப்புறம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"குழாயில ஆயில் இருக்கக் கூடாதுன்னு எங்களுக்கு முதல் பாடத்துலயே சொல்லிருக்காங்க. மெஷின் ஆயிலைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். தலையில இருந்து வரும்னு நெனைக்கலக்கா."

"நானும் நெனைக்கல சார்."

"அப்ப வெள்ளிக்கிழமை எண்ணெ தேய்க்காதீங்க. முடிஞ்சிபோச்சு."

நான் தலையை ஆட்டவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க இதைத்தான் யோசித்தேன். எண்ணெய் தேய்க்காவிட்டால் எனக்குக் கண் எரியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக இருக்காது. டார்ச் இடம் போனாலும் எனக்கு வாரம் முழுக்கக் கஷ்டம். தொட்டிப் பெண் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுப்போம். கறி சாப்பிடுகிற நாளில் நாங்கள் எண்ணெய் தேய்ப்பதில்லை.

"அப்ப கறிய மாத்து" என்றார் அண்ணாத்தே.

"நீ வந்து என் வீட்டுக்காரர் கிட்ட சொல்லு."

"எனக்கு எதுக்கு வம்பு?"

கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது. தப்பு எண்ணெயில் இல்லை. துணியில்தான். தலைக்கும் குழாய்க்கும் ஒரே துணி வைத்ததுதான் தப்பு. இரண்டையும் பிரித்துவிட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்தேன். எப்போதும் போல நன்றாகவே தேய்த்தேன். சீயக்காய் மட்டும் இன்னொரு கை கூடப் போட்டேன். ரயிலில் போகும்போது கொஞ்சம் பயமாக இருந்தது. எண்ணெய் இல்லாமல் வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வந்தாகிவிட்டது.

தலையை ஒரு துணியால் இறுக்கிக் கட்டினேன். வேர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு. குழாய் துடைக்கிற பனியன் வேஸ்ட்டை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்தேன். சார் என் தலையைப் பார்த்தார். சீயக்காய் வாசனை அவருக்கு எட்டியிருக்கும்.

"தேய்ச்சிட்டீங்களா?"

"தேச்சேன் சார்."

"எக்கா, இன்னிக்குத்தான் பாக்கணும்னு சொல்லிருந்தேனே."

"தெரியும் சார்."

திரும்பி நடந்தார். ஆனால் தொட்டிப் பக்கமே ஏதோ வேலை இருக்கிற மாதிரி நின்றுகொண்டார்.

ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் வேர்வை இறங்கியது. கை தானாக டின் பக்கம் போனது. மூடி இருந்ததால் நின்றது. இல்லாவிட்டால் எடுத்துத் துடைத்திருக்கும். பழக்கம் அப்படி. கையைத் திருப்பித் துண்டை எடுத்தேன். கையுறையை மாற்றிக்கொண்டேன். அப்புறம்தான் குழாயைத் தொட்டேன்.

ஒவ்வொன்றும் இஸ்துக்கிச்சு. கண்ணால் பார்த்தேன். இருந்தாலும் தொட்டி சொல்கிற வரைக்கும் நம்பக் கூடாது.

மத்தியானம் என்னுடையது தொட்டிக்குப் போனது. அண்ணாத்தே டார்ச்சை அணைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார். தொட்டிப் பெண் முதல் குழாயை முக்கினாள். தண்ணீர் ஆடி அடங்கியது. ஒன்றும் இல்லை. அடுத்தது. ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததை முக்கினாள். ஜாயிண்டுக்கு நேரே ஒரு குமிழி இருந்தது.

அண்ணாத்தே எலுமிச்சம்பழத்தை அண்ணாந்து பார்த்தார்.

பேக்கிங்தான் என்று நினைத்தேன். பரவாயில்லை என்றும் நினைத்தேன். பரவாயில்லை என்பது பொய்.

அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டு விரலால் அந்தக் குமிழியைத் துடைத்தாள். அது பிய்ந்து மேலே வந்து உடைந்தது. எல்லோரும் அந்த இடத்தையே பார்த்தோம். வேறு குமிழி வரவில்லை. காத்திருந்தோம். வரவில்லை.

"வெளிய ஒட்டிகினு வந்த காத்துக்கா" என்றாள். "உள்ளேர்ந்து வந்தா உட்டு உட்டு வரும். இது சும்மா பைப்ப புடிச்சிகினு தொங்கிகினு இருந்துது."

மீதியையும் முக்கினாள். கடைசிக் குழாயை எடுத்து ஓரம் வைத்துவிட்டு வாயில் கையைக் குவித்துக் கத்தினாள்.

"மஞ்சா!"

ஷெட்டில் எல்லோரும் திரும்பினார்கள். சார் முகம் மாறிவிட்டது.

"மஞ்சா ஒண்ணும் இல்ல!" என்றாள். சிரித்துக்கொண்டே சார் கைக்கு எட்டாமல் நகர்ந்துகொண்டாள்.

"ஒரு நாள் உன்னைத்தான் தொட்டியில முக்கணும்" என்றார் சார். என்னைப் பார்த்து, "உங்க மேஜைக்குப் போங்கக்கா. வேலை கெடக்கு" என்றார்.

உங்க மேஜை என்றார். அது போதும்.

அண்ணாத்தே மட்டும் எலுமிச்சம்பழத்தை அவிழ்க்கவில்லை. "பழம் லேட்டா வேல செஞ்சிகீது. நான்தான் டைம் குடுன்னு சொன்னேனே" என்றார். பழம் காய்ந்து கறுத்து இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. பிஸ்கட் டின்னும் என் மேஜையில் இருக்கிறது. அதற்குள் யாரும் கை விடுவதில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் யாராவது ஒருவர் கேட்பார்கள், "யக்கா, தலைக்கா, பைப்புக்கா?" என்று.

அன்று சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு விளக்கேற்றினேன். வீட்டுக்காரர் சுவருக்குப் பெயிண்டு அடித்து முடித்திருந்தார். நீலம். நன்றாக இருந்தது. அடுத்த மழைக்கு மறுபடியும் உப்பும். அவருக்கும் தெரியும்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"இஸ்துக்கிச்சா?" என்றார்.

"இஸ்துக்கிச்சு" என்றேன்.

சோறு போட்டேன்.